தும்பியைக் காணவில்லை

அத்தியாயம் 14

ஒரே கூரைக்குக் கீழே இருந்துகொண்டு நிம்மியும் மகள் ஈவ்லினும் பேச்சை நிறுத்திக்கொண்டதைப் போன வாரம் பார்த்தோம். பேச்சு நின்று இன்றோடு ஒன்பது நாள்.

காரணம் சின்னது என்றுதான் நிம்மி நினைத்தாள். 'தும்பி வீடு' யூடியூப் சேனலில் எதைத்தான் போடாமல் விட்டிருக்கிறார்கள்? ஷார்ஜா வேலை போய்க் கணவன் டேவிஸ் வெறுங்கையோடு வந்து இறங்கிய வருஷம், அடுக்களையில் இறைச்சி வறுத்துக்கொண்டிருந்த நிம்மியையும், பக்கத்தில் உட்கார்ந்து வளவளத்துக்கொண்டிருந்த எட்டு வயது ஈவ்லினையும் சும்மா போனில் எடுத்துப் போட்டான். மகளின் வாய்க்குத்தான் ஜனம் கூடியது. தும்பி என்ற செல்லப்பெயர் கேரளம் முழுக்கத் தெரிந்த பெயராயிற்று. அவளுக்குப் பல் விழுந்தது, அம்மை போட்டது, கணக்கில் ஒன்பது மார்க் வாங்கி அழுதது எல்லாமே வீடியோ. பதினோரு லட்சம் பேர் சேர்ந்துவிட்டார்கள்.

பதின்மூன்று வயதில் அவள் பெரியவளானாள். அதையும் போட்டார்கள், கையில் ஒரு கம்பெனியின் நாப்கின் பாக்கெட்டைக் கொடுத்து. மறுநாள் ஸ்கூல் பஸ்ஸில் பையன்கள் அவளை அந்தப் பாக்கெட்டின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அன்றைக்கு வாயை மூடியவள்தான்.

"ரெண்டு நாள்ல சரியாயிடும்," என்று நிம்மி டேவிஸிடம் சொல்லியிருந்தாள்.

இன்று செவ்வாய்க்கிழமை. காலையிலிருந்து விட்டுவிட்டு மழை. நாலரை மணிக்குக் குடை கம்பெனி விளம்பரம் எடுக்க வேண்டும். பஸ்ஸிலிருந்து தும்பி இறங்குவாள், அம்மா புதுக் குடையை விரித்துப் பிடிப்பாள், இரண்டு பேரும் சிரிப்பார்கள். அதற்காகக் கொச்சியிலிருந்து ரோஷன் வந்திருந்தான். சேனலுக்கு விளம்பரம் பிடித்துத் தருவதும், எதைப் போடலாம், எதைப் போடக்கூடாது என்று சொல்வதும் அவன் வேலை.

"சேச்சி, மோள் சிரிக்கணும். போன வீடியோவுல மூஞ்சியைத் தூக்கி வச்சிருந்தா. தும்பிக்கு என்னாச்சுன்னு எல்லாரும் கேக்கறாங்க."

"சிரிப்பா. கேமராவைப் பார்த்தா தானா சிரிப்பு வந்துடும் அவளுக்கு."

கேமராவுக்குப் பின்னால் நின்ற டேவிஸ் ஒன்றும் சொல்லவில்லை. ஐந்து வருஷமாக அவன் ஒன்றும் சொல்லாமல்தான் அங்கே நிற்கிறான்.

பஸ் வந்தது. ஆயா ஷேர்லி பக்கத்து வீட்டு இரட்டைக் குழந்தைகளை இறக்கிவிட்டாள். நிம்மி குடையை விரித்து, முகத்தில் சிரிப்பை ஏற்றி, படிக்கட்டைப் பார்த்து நின்றாள்.

ஷேர்லி கதவைச் சாத்தப் போனாள்.

"ஷேர்லி சேச்சி, என் மோள் எங்கே?"

"ஈவ்லினா? அவ ஏறலையே. ஷூட்டிங் இருக்கு, வீட்லேருந்து வண்டி வந்திருக்குன்னாரே?"

"யாரு சொன்னது?"

"ஸ்கூல் கேட்டுல நின்னவர்தான். சாம்பல் கலர் சட்டை. தும்பியை நான் கூட்டிட்டுப் போறேன்னாரு. உங்க ஆளுன்னு நெனச்சேன். தும்பின்னு பேர் சொன்னாரே!"

கேமராவுக்காக ஏற்றிய சிரிப்பு நிம்மியின் முகத்திலிருந்து இன்னும் முழுசாக இறங்கவில்லை.

"தும்பின்னு பதினோரு லட்சம் பேர் சொல்லுவாங்க, சேச்சி."

டேவிஸ் கேமராவை விட்டு முன்னால் வந்தான். "நாங்க யாரையும் அனுப்பலை. அவன்கூட அவ வண்டியில ஏறினதைப் பார்த்தீங்களா?"

"இல்லை. மழை கொட்டுச்சு. நான் குட்டிகளை ஏத்திட்டிருந்தேன்..." ஷேர்லி சிலுவை போட்டுக்கொண்டாள். "என்டெ ஈசோயே!"

ஸ்கூலில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. நாலாவது தடவை வாட்ச்மேன் எடுத்தான். ஆமாம், ஒரு ஆள் வந்தான். வெள்ளி நிறக் கார், ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிறுத்தியிருந்தான். குழந்தை கேட்டுக்கு உள்ளே நின்று அவனோடு ஏதோ பேசியது. அப்புறம் பார்த்தால் குழந்தையும் இல்லை, ஆளும் இல்லை, காரும் இல்லை.

நிம்மிக்குக் காதில் ரீங்காரம் கேட்டது. மூன்று பேரும் காரில் ஏறினார்கள்.

* * *

போலீஸ் ஸ்டேஷனில் எஸ்.ஐ. ரஜிதா நிமிர்ந்து பார்த்ததுமே யாரென்று தெரிந்துகொண்டாள். முகத்தில் பரபரப்பு இல்லை. சலிப்பு இருந்தது.

"உட்காருங்க. இந்தத் தடவை எத்தனை கேமரா?"

"மேடம், என் மோளை யாரோ..."

"முதல்ல அந்தத் தம்பி கையில இருக்கறதை அணைக்கச் சொல்லுங்க."

நிம்மி திரும்பினாள். ரோஷன் போனை நெஞ்சுக்கு நேரே பிடித்திருந்தான். "பழக்கதோஷம், மேடம்," என்று பாக்கெட்டில் போட்டுக்கொண்டான்.

"போன வருஷம் ஏப்ரல் ஒண்ணாம் தேதி ஞாபகம் இருக்கா?"

எப்படி மறக்கும்? 'தும்பியைக் காணவில்லை' என்று போட்ட வீடியோ. நிம்மி தலைவிரி கோலமாகத் தெருத்தெருவாக அழுதுகொண்டு ஓடினாள். கடைசியில் அலமாரிக்குள்ளிருந்து ஈவ்லின் குதித்து "ஏப்ரல் ஃபூல்!" என்று கத்தினாள். முப்பத்தொரு லட்சம் பேர் பார்த்தார்கள். கடைசிவரை பார்க்காதவர்கள் அறுபது பேர் இந்த ஸ்டேஷனுக்குப் போன் பண்ணினார்கள். ஒரு ஜீப் வீடுவரை வந்து திரும்பியது. மன்னிப்பு எழுதிக் கொடுத்து வந்தார்கள்.

"அது விளையாட்டு, மேடம். இது நெஜம்."

"அன்னிக்கும் இதே வார்த்தைதான். 'இது நெஜம், யாராவது உதவி பண்ணுங்க'ன்னீங்க. நல்லா அழுதீங்க. எங்கம்மா கூட நம்பிட்டாங்க."

டேவிஸ் மேஜை விளிம்பைப் பிடித்தான். "மேடம், என்னைப் பாருங்க. நான் வீடியோவுல வர்றவன் இல்லை. எனக்கு நடிக்கத் தெரியாது."

ரஜிதா அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு போனை எடுத்தாள். கண்ட்ரோல் ரூமுக்குச் சொன்னாள். இரண்டு பேரை ஸ்கூலுக்கு அனுப்பி, கேமராப் பதிவை எடுக்கச் சொன்னாள்.

"நான் நம்பறேனா இல்லையாங்கறது வேற கதை. குழந்தை விஷயம், தேடாம இருக்க முடியாது. அடையாளம் சொல்லுங்க. காலையில என்ன போட்டிருந்தா?"

"யூனிஃபார்ம்."

"அது தெரியும். ரெயின்கோட்டு என்ன கலர்? தலை எப்படிப் பின்னியிருந்தா? கையில, காதுல என்ன?"

போன ஓணத்துக்கு மகள் கட்டிய பாவாடையின் ஜரிகை நிறம் நிம்மிக்குத் தெரியும். பிறந்தநாள் வீடியோவில் மாட்டிய கம்மலின் கல் தெரியும். இன்று காலையில் அந்தப் பெண் எப்படி வீட்டைவிட்டுப் போனாள்? நிம்மி அப்போது மாடியில் குடைகளை நிறம் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"நீல ரெயின்கோட்டு," என்றான் டேவிஸ். "ரெட்டைப் பின்னல். காதுல ஒண்ணும் இல்லை. கழட்டிட்டா."

"சரி. வெளியில உட்காருங்க. ஒண்ணு மட்டும் கேளுங்க. நெட்டுல எதுவும் போடாதீங்க. ஒரு வரி கூட."

* * *

வராந்தாவில் ஓட்டிலிருந்து தண்ணீர் கயிறு கயிறாக வழிந்தது. ஐந்து மணி. ஐந்தே கால். உள்ளே ஒவ்வொரு தடவை போன் மணி அடித்தபோதும் நிம்மி எழுந்து வாசல்வரை போய்த் திரும்பினாள்.

ரோஷன் மெல்லப் பக்கத்தில் வந்தான். "சேச்சி, ஒரு லைவ் போட்டா என்ன? நம்ம ஆளுங்க எல்லா ஊர்லயும் இருக்காங்க. ஒருத்தனாவது அந்தக் காரைப் பார்த்திருப்பான்."

"மேடம் வேண்டாம்னாங்களே," என்றான் டேவிஸ்.

"அவங்க நம்மை நம்பலை, டேவிசேட்டா. நம்பற ஜனம் அங்கேதான் இருக்கு. வேற வழி தெரிஞ்சா சொல்லுங்க!"

டேவிஸ் பெஞ்சில் போய் உட்கார்ந்தான்.

நிம்மி போனை உயர்த்திப் பிடித்தாள். திரையில் தன் முகம் வந்ததும் இடது கை தானாக எழும்பி நெற்றி முடியை ஒதுக்கிவிட்டது. அதைப் பார்த்ததும் கையைச் சட்டென்று கீழே இழுத்துக்கொண்டாள். ஆனால் லைவ் தொடங்கிவிட்டது.

"என் மோளை நாலு மணியிலேருந்து காணோம். விளையாட்டு இல்லை. மாதா மேல சத்தியம். சாம்பல் சட்டை போட்ட ஆள், வெள்ளி நிறக் கார்..."

கீழேயிருந்து வரிகள் ஏறி வந்தன.

'சேச்சி, நடிப்பு நல்லாத் தேறிடுச்சு.'

'இந்தத் தடவை அலமாரியா, கட்டிலுக்கு அடியிலயா?'

'பாவம் அந்தப் பொண்ணு, எத்தனை நாள்தான் ஒளிஞ்சுக்கும்?'

'குடை விளம்பரமா? கக்கத்துல இருக்கு பாருங்க, பேரு தெரியுது.'

நிம்மி கீழே பார்த்தாள். அந்தப் புதுக் குடையை அவள் இன்னும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டுதான் இருந்தாள். சுவரோரமாக வீசினாள். அதற்கும் கீழே சிரித்த முகங்கள் வரிசையாக வந்தன.

"சிரிக்காதீங்க! என் குழந்தை... ஒருத்தராவது நம்புங்களேன்!"

'இதைத்தான் போன வருஷமும் சொன்னீங்க.'

பத்து நிமிஷத்துக்குள் ஒரு செய்திச் சேனலின் பக்கத்தில் படம் வந்துவிட்டது. பாதியில் பழைய அலமாரி வீடியோ, பாதியில் இப்போதைய அழுகை. மேலே சிவப்பு எழுத்தில்: 'தும்பி மறுபடியும் மாயம்! விளம்பரத்துக்காகப் பெற்றோர் நாடகமா?'

"ரெண்டு லட்சம் தாண்டிடுச்சு," என்றான் ரோஷன், தன்னை அறியாமல்.

டேவிஸ் எழுந்த வேகத்தில் பெஞ்சு சாய்ந்தது. ரோஷனின் சட்டைக் காலரைப் பிடித்துத் தூணோடு சாய்த்தான். "என் மோளைக் காணோம்டா. நீ எண்ணிட்டிருக்கியா?"

"சேட்டா, விடுங்க, வாய் தவறி... சத்தியமா..." ரோஷனின் பாக்கெட்டில் போன் துடித்தது. எடுத்துப் பார்த்து முகம் வெளுத்தான். "குடை கம்பெனி. அவங்க பேரை எங்கேயும் சொல்லக்கூடாதாம். விளம்பரம் பேசவே இல்லைன்னு ஆயிடணுமாம்."

டேவிஸ் அவனை விட்டுவிட்டு லைவைத் துண்டிக்க நிம்மியின் கையிலிருந்து போனை வாங்கினான். விரல் திரையில் படுவதற்கு முன் அப்படியே நின்றான்.

கேலி வரிகளுக்கு நடுவே ஒன்று வந்திருந்தது. 'தும்பி மாமன்' என்ற பெயரிலிருந்து.

'அழாதீங்க சேச்சி. தும்பியை இன்னிக்குப் பார்த்தேன். என்னைக் கண்டு பயந்துட்டா. சின்னப் பொண்ணுதானே, போகப் போகப் பழகிடும்.'

* * *

ரஜிதா அந்த வரியை மூன்று தடவை படித்தாள். பிறகு ஒன்றும் பேசாமல் தன் கம்ப்யூட்டரைத் திருப்பி, 'தும்பி வீடு' பக்கத்தைத் திறந்து, பழைய வீடியோக்களுக்குக் கீழே அந்தப் பெயரைத் தேடினாள்.

தேட வேண்டியிருக்கவில்லை. மூன்று வருஷமாக ஒவ்வொரு வீடியோவிலும் இருந்தது. பெரும்பாலும் முதல் பத்துப் பேருக்குள்.

உரக்கப் படித்தாள்.

"'மஞ்சள் திரை போட்ட ஜன்னல்தானே தும்பியோட ரூம்?' இதுக்கு நீங்க ஹார்ட் போட்டிருக்கீங்க."

ரஜிதா அடுத்த வீடியோவுக்குப் போனாள்.

"'ஸ்கூல் பஸ் நாலாம் நம்பர்தானே? நானும் அந்த வழிதான்.' ஹார்ட். 'தும்பி நாளாக நாளாக அழகாயிட்டே வர்றா, மாமனுக்குப் பார்க்கணும் போல இருக்கு.' ஹார்ட். 'ஒருநாள் நேர்லயே வர்றேன்.' இதுக்கு ஹார்ட் மட்டும் இல்லை, பதிலும் போட்டிருக்கீங்க. 'கண்டிப்பா வாங்க சேட்டா.'"

"நான் படிக்கலை, மேடம்."

"நீங்கதானே போட்டது?"

"ஆயிரக்கணக்குல வரும். உட்கார்ந்து வரிசையா எல்லாத்துக்கும் போட்டுடுவேன். போட்டாத்தான் வீடியோ மேல வரும்னு..." நிம்மி திரையை நெருங்கிப் பார்த்தாள். "எதையும் படிக்கலை. மாதாவே, நான் எதையும் படிக்கலையே!"

ரஜிதா ஏளனமாக ஏதாவது சொல்வாள் என்று நிம்மி காத்திருந்தாள். சொல்லியிருந்தால் தேவலை. அவள் சொல்லவில்லை. எழுந்து தொப்பியை எடுத்துக்கொண்டாள். சைபர் பிரிவுக்குப் போன் போட்டு அந்தக் கணக்கைச் சொன்னாள். ஹைவேயில் வண்டிகளை நிறுத்திப் பார்க்கச் சொன்னாள். குரலில் அதுவரை இருந்த சலிப்பு துடைத்தாற்போலப் போயிருந்தது.

இத்தனை நேரம் அந்தப் பெண்மணி நம்பவில்லையே என்று துடித்த நிம்மிக்கு, அவள் நம்பிவிட்டாள் என்று தெரிந்த கணத்தில் அவள் நம்பாமலே இருந்திருக்கக் கூடாதா என்று தோன்றியது.

ஆறு மணி அடித்தது. ஆறேகால். ஸ்கூலுக்குப் போன போலீஸ்காரர் போன் பண்ணினார். கேட்டுப் பக்கம் கேமராவில் ஆள் விழுந்திருக்கிறான், படம் எடுத்துக்கொண்டு வருகிறேன் என்றார். குழந்தை கேட்டைத் தாண்டியதாகத் தெரியவில்லையாம். கிணறு, கழிப்பறை, மாடி எல்லாம் தேடியாயிற்றாம்.

கிணறு என்ற சொல் காதில் விழுந்ததும் நிம்மி எழுந்து போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டாள். டேவிஸ் அவளைத் தொடவில்லை. அவன் கண் ரஜிதாவின் போனிலேயே இருந்தது.

ஆறு நாற்பதுக்கு ரஜிதாவின் போன் அடித்தது. அவள் நிறையக் கேட்டாள், கொஞ்சம் பேசினாள், காகிதத்தில் எதையோ எழுதினாள். வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"கிடைச்சிட்டா. நல்லா இருக்கா."

நிம்மி சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்தாள். வாயில் சேலை முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதாள். அழுகை முகத்தைக் கோணலாக்கியது. கேமராவுக்கு அவள் இப்படி ஒருநாளும் அழுததில்லை.

"எங்கே, மேடம்?" என்று டேவிஸ் மேஜையருகே வந்தான்.

"திருச்சூர்ல. குழந்தைகள் நல அலுவலகத்துல. அவளாத்தான் போயிருக்கா."

"அங்கே எதுக்கு?"

ரஜிதா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "புகார் கொடுக்க."

"அந்தாள் மேலயா?"

"அவன் மேலயும்."

* * *

மழையில் ஜீப் ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டது. ரோஷனை அவர்கள் கூப்பிடவில்லை. அவனும் வருகிறேன் என்று சொல்லவில்லை.

அலுவலகத்தில் அம்பிளி என்ற நடுவயதுக்காரி அவர்களை வாசல் அறையிலேயே உட்கார வைத்தாள். "உள்ளே போறதுக்கு முன்னாடி கொஞ்சம் கேட்டுக்கோங்க. அவளுக்கு ரெண்டாம் தடவை சொல்ல முடியாது," என்றாள்.

நடந்தது இதுதான். பஸ்ஸில் ஏறப் போன ஈவ்லினை அந்த ஆள் கேட்டுக்கு வெளியே நின்று கூப்பிட்டான். தும்பி, அம்மா அனுப்பிச்சாங்க, ஷூட்டிங்குக்கு நேரமாச்சு, வண்டியில ஏறு என்றான். அவள் ஏறவில்லை. பஸ்ஸிலிருந்து இறங்குவதைத்தான் இன்று எடுக்க வேண்டும், அப்படியிருக்க அம்மா எதற்காக வண்டி அனுப்புவாள் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. அவன் கேட்டுக்குள் கையை விட்டு அவள் பையைப் பிடித்தான். உதறிக்கொண்டு உள்ளே ஓடி, ஸ்கூல் ஜெபக்கூடத்துக்குப் பின்னால் இருக்கும் சின்ன வழியாக வெளியே வந்து, முதலில் நின்ற திருச்சூர் பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

"பஸ்ஸுல கண்டக்டர்கிட்ட சொல்லியிருக்கா, ஒரு ஆள் என்னைத் துரத்தறான்னு. அவர் சிரிச்சாராம். 'அட, நம்ம தும்பி! கேமரா எங்கே மோளே?'ன்னாராம். பஸ்ஸே சிரிச்சிருக்கு. ஒரு அம்மா கூட நின்னு போட்டோ எடுத்துக்கிட்டாங்களாம். இவ அழ அழ."

டேவிஸ் முகத்தை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டான்.

"ஸ்டாண்டுல இருந்த பொம்பளை போலீசுக்கு இவ யாருன்னு தெரியலை. அவங்க வீடியோ எல்லாம் பார்க்கறதில்லையாம். 'உன் பேர் என்ன'ன்னு கேட்டாங்களாம். அதைச் சொல்லும்போதுதான் இவளுக்கு அழுகை நின்னுச்சு. அவங்கதான் இங்கே கூட்டிட்டு வந்தாங்க. பேரைச் சொன்னா, வீட்டு நம்பரைச் சொல்ல மாட்டேன்னுட்டா. ஒரு மணி நேரம் ஆச்சு எங்களுக்கு."

"வீட்டுக்கு ஓடி வந்திருக்கலாமே," என்றாள் நிம்மி. "ஏன் வரலை? எங்கிட்ட ஏன் வரலை?"

அம்பிளி உள்ளறைக் கதவைப் பார்த்தாள். "நானும் கேட்டேன். 'போனா அம்மா அதையும் வீடியோ எடுப்பாங்க'ன்னா."

அம்பிளி மேஜையைக் காட்டினாள்.

"போனை இங்கேயே வச்சிட்டு வரச் சொன்னா. அப்பாவோடதையும்."

நிம்மி போனை மேஜையில் வைத்தாள். அது ஓயாமல் அதிர்ந்துகொண்டிருந்தது.

ஈவ்லின் உள்ளறையில் யாருடையதோ ஒரு பெரிய துண்டைப் போர்த்திக்கொண்டு, பால் விடாத கட்டஞ்சாயாவும் பாதி தின்ற பன்னும் முன்னே வைத்து உட்கார்ந்திருந்தாள். நீல ரெயின்கோட்டு நாற்காலி முதுகில் சொட்டிக்கொண்டிருந்தது. இரட்டைப் பின்னலில் ஒன்று அவிழ்ந்திருந்தது. அவள் முதலில் பார்த்தது அம்மாவின் முகத்தை இல்லை, கைகளை. பிறகு அப்பாவின் கைகளை.

"மோளே... தும்பி..."

"ஈவ்லின்னு கூப்பிடுங்க."

நிம்மி ஒரு அடி முன்னால் வந்தாள். "ஈவ்லின்."

"எல்லா வீடியோவையும் சேனல்லேருந்து எடுத்துடுங்கம்மா. பெரியவளானதை மட்டும் இல்லை. பல்லு விழுந்ததையும். எல்லாத்தையும்."

"எடுத்துடறேன்."

"நாளைக்கு ரோஷன் அங்கிள் போன் பண்ணினா?"

நிம்மி பதில் சொல்வதற்குள் டேவிஸ் மகளுக்கு முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்தான். "வீடியோ எடுத்தவன் நான். உன் அம்மா பேசுவா, சிரிப்பா. ஆனா பட்டனை அழுத்தினது நான்தான். வேண்டாம்னு ஒருநாள் கூட நான் சொல்லலை. இப்பவே எல்லாத்தையும் நானே தூக்கிடறேன்."

"அழிச்சிடாதீங்க," என்று வாசலிலிருந்து ரஜிதா சொன்னாள். "எங்களுக்கு ஆதாரம் வேணும். யாரும் பார்க்க முடியாதபடி மறைச்சு வைங்க, போதும்." அவள் கையில் ஒரு காகிதம் இருந்தது. "மோளே, ஒரே ஒரு படம். பார்க்க முடியுமா? பயமா இருந்தா வேண்டாம்."

ஈவ்லின் துண்டை இறுக்கிக்கொண்டு தலையாட்டினாள். படத்தைப் பார்க்க ஒரு நொடிகூட ஆகவில்லை.

"இவர்தான். அம்மா, உங்களுக்குத் தெரியலையா? ஈஸ்டருக்கு நம்ம வீட்டுக்குச் சாப்பிட வந்தவர்."

நிம்மி காகிதத்தை வாங்கினாள். மங்கலான படம். நெற்றியில் ஒட்டிய முடி, தடித்த கண்ணாடி, அடக்கமான சிரிப்பு. ஈஸ்டருக்குச் சேனல் ரசிகர்களுக்கு வீட்டிலேயே விருந்து வைத்தார்கள். வாசலில் போட்ட பந்தலில், கடைசி வரிசையில், இந்த முகம். 'சேச்சி கையால சாப்பிடணும்னு ரெண்டு வருஷமா ஆசை' என்றான். நிம்மி இரண்டாம் தடவை அப்பம் வைத்தாள்.

அன்று ஈவ்லின் அடுக்களைக்கு ஓடி வந்து அவள் காதில் சொன்னதும் நினைவுக்கு வந்தது. 'அம்மா, அந்த அங்கிள் கையைப் பிடிச்சிட்டு விடவே மாட்டேங்கறாரு.' நிம்மி என்ன பதில் சொன்னாள்? 'சிரிச்சிட்டே இரு, கேமரா ஓடுது.'

மகள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் அது நினைவிருக்கிறது என்று நிம்மிக்குப் புரிந்தது. தலையை நிமிர்த்த முடியவில்லை.

"இவன் பேர் என்ன?" என்றாள் ரஜிதா.

"தெரியாது, மேடம்."

"உங்க வீட்டுல உட்கார்ந்து சாப்பிட்டிருக்கான்."

"முப்பது பேர் வந்தாங்க. அதுல ஒருத்தர் பேர் கூட எனக்குத் தெரியாது. அவங்க எல்லாருக்கும் எங்க பேர் தெரியும்."

ரஜிதா படத்தை மடித்துக்கொண்டாள். "சரி. எழுத வேண்டியதெல்லாம் நாளைக்கு. குழந்தை களைச்சிருக்கா. ராத்திரிக்கு எங்கே போவீங்க?"

"வீட்டுக்குத்தான்," என்றான் டேவிஸ்.

"வேண்டாம்ப்பா." அவர்கள் வந்த பிறகு முதல் தடவையாக ஈவ்லின் அவன் கையைப் பிடித்தாள். "அந்த வீட்டுக்கு எல்லாருக்கும் வழி தெரியும்."

டேவிஸ் நிம்மியைப் பார்த்தான். நிம்மிக்குத் தெரிந்து, ஒரு தடவைகூடக் கேமரா நுழையாத வீடு ஒன்றுதான். டேவிஸின் அக்கா மோளியின் வீடு. 'என் வீட்டுப் படியில அந்தக் கேமராக் குச்சியை நிறுத்தினா உடைச்சிடுவேன்' என்று அவள் சொன்னதற்காக நிம்மிதான் ஒன்றரை வருஷமாகப் போக்குவரத்தை அறுத்துவிட்டிருந்தாள்.

"நானே கூப்பிடறேன்," என்று நிம்மி எழுந்தாள். "கால்ல விழச் சொன்னாலும் விழறேன்."

வாசல் அறைக்கு வந்து அதிர்ந்துகொண்டிருந்த போனை எடுத்தாள். டேவிஸும் பின்னாலேயே வந்தான். எண்ணைத் தேடுவதற்குள், வெளியே வராந்தாவில் ரஜிதா யாரோடோ பேசுவது கேட்டது. "எங்கே? எப்ப? ... உள்ளே ஆள் இருக்கானா? ... யாரும் கிட்டே போக வேண்டாம், நான் வர்றேன்."

ரஜிதா உள்ளே வந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள், குழந்தைக்குக் கேட்கக் கூடாது என்று.

"அந்தக் கார் கிடைச்சிடுச்சு. உங்க வீட்டு கேட்டுக்கு முன்னாடி நிக்குது. உள்ளே ஆள் இல்லை." ஒரு நொடி நிறுத்தினாள். "கிளம்பும்போது வீட்டைப் பூட்டினீங்களா?"

நிம்மி டேவிஸைப் பார்த்தாள். டேவிஸ் நிம்மியைப் பார்த்தான்.

இரண்டு பேருக்கும் நினைவில்லை.